நாற்பத்து நான்கு விநாடியும் மூன்று மீட்டரும்

பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன் அக்கா, கீழே வைத்தால் உருண்டுவிடும். உள்ளே இருப்பது பூசணிக்காய் இல்லை, ஹெல்மெட். பாப்பாவுடையது. நீங்கள் தாராளமாக உட்காருங்கள். இந்த ரயில்வே கேட்டில் எப்படியும் கால் மணி நேரம் போய்விடும்.

பாப்பா, கையை உள்ளே எடு. தலையும்தான்.

இவள் ஆஷ்லின். ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. கொடைரோடு பக்கத்தில் ஒரு காலேஜ் மைதானத்தில் இன்றைக்கு இவளுக்கு சைக்கிள் ரேஸ். முதல் ரேஸ். பத்தரைக்குப் பேர் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது ஹெல்மெட்டோடு எதிரில் நிற்காத பிள்ளையின் பேரை அடித்துவிடுவார்கள். இவள் அப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். விடிந்ததும் குட்டியானை வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எங்களை ஒன்பது மணி பைபாஸ் பஸ்ஸில் வரச் சொன்னார்.

அந்தப் பஸ் போய்விட்டது. இல்லை, நாங்கள் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் போனது. சீட் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் இல்லை. ஜன்னல் ஓரம் இல்லாவிட்டால் குழந்தைக்கு வாந்தி வரும். இதுவரை வந்ததில்லை. வராமல் பார்த்துக்கொள்வதுதானே தாயின் வேலை.

அதனால் இந்த டவுன் பஸ். இது பழைய ரோட்டில் போகும், எல்லா ஊரிலும் நிற்கும், ஒன்பதே முக்காலுக்கு இந்தக் கேட்டில் மாட்டும். தினமும் மாட்டும். நான் எதையும் தடுக்கவில்லை அக்கா, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பஸ் தாமதமானால் நான் என்ன செய்ய முடியும்? ஹெல்மெட்டைக்கூட எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். மறந்து வைத்துவிட்டு வரலாம் என்று இரண்டு தடவை வாசல் வரை போனேன். மறக்க முடியவில்லை. இவ்வளவு பெரிய சாமானை எப்படி மறப்பது?

பயமா? எனக்குப் பயமெல்லாம் கிடையாது. ஜாக்கிரதை, அவ்வளவுதான். திராட்சையை இந்த வயதிலும் நான்காக வெட்டித்தான் கொடுப்பேன். பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன், உள்ளே போய் மாட்டிக்கொள்ளக் கூடாது பாருங்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டேதான் குளிக்கிறோம். மாமியார் பாட மாட்டார், இருமுவார். இவளுக்கு முழங்கால் பட்டை, முழங்கை பட்டை எல்லாம் இருக்கிறது. மாதா கோயில் சப்பரத்துக்குக்கூட அதைப் போட்டுத்தான் கூட்டிப்போனேன். கூட்டத்தில் நான்கு பேர் இவளுக்கு என்ன அடிபட்டது என்று கேட்டார்கள். ஒன்றும் படவில்லை, அதற்குத்தான் பட்டை என்றேன்.

பயந்தவளாக இருந்தால் நான் சர்வதேச வீராங்கனை ஆகியிருப்பேனா?

நிஜம்தான் அக்கா. பி.எம்.எக்ஸ். என்று ஒரு சைக்கிள் பந்தயம். பேப்பரில் போட்டோ வந்திருக்கிறது. தாய்லாந்துக்குப் போனேன். ஃப்ளெக்ஸ் கூட வைத்தார்கள், 'ஆசியாவை அதிரவைத்த ரெனிட்டா' என்று.

எப்படி ஆரம்பித்தது என்றால், எங்கள் கான்வென்ட்டுக்கு ஹாலந்தில் ஒரு பங்குக் கோயிலிலிருந்து பெரிய பெட்டி வந்தது. கம்பளி, பொம்மை, பைபிள் கதைப் புத்தகம், அதற்கு அடியில் ஆறு சைக்கிள். சின்னச் சின்னச் சக்கரம். மணி இல்லை, மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, முன்பக்கம் பிரேக்கும் இல்லை. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றார் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் பிளாவியா. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குக் கால் எட்டவில்லை. பெரிய பிள்ளைகள் உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடித்தது. "பாவம், மிச்ச சாமானை அடுத்த பெட்டியில அனுப்புவாங்க" என்று சிஸ்டர் மூடி வைத்துவிட்டார்.

பி.டி. மாஸ்டர் இன்னாசி சார்தான் நெட்டில் தேடிக் கண்டுபிடித்தார். "சிஸ்டர், இது உட்கார்ந்து ஓட்டற சைக்கிள் இல்லை. நின்னுகிட்டே ஓட்டணும். ஒலிம்பிக்ஸ்லயே இருக்கு."

"சீட் வெச்சிருக்காங்களே சார்?"

"அது சும்மா, சிஸ்டர்."

அந்த வருஷம் புது ஆடிட்டோரியத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய மண் மைதானத்தில் மலை மாதிரி கிடந்தது. அப்புறப்படுத்தச் சொன்னார் சிஸ்டர். சார் அதை அப்புறப்படுத்தாமல் மேடு மேடாக ஆக்கிவிட்டார். அதுதான் எங்கள் டிராக். நான் எட்டாம் வகுப்பு. பினாபோருக்குள் பேண்ட் போட்டுக்கொண்டு ஓட்டினோம். பினாபோர் இல்லாமல் ஓட்டக் கூடாது என்பது சிஸ்டர் போட்ட கண்டிஷன்.

இந்தப் பந்தயம் எப்படி என்றால், உயரமான சறுக்கு ஒன்று இருக்கும். அதன் உச்சியில் எட்டுப் பேர் வரிசையாக நிற்க வேண்டும். எதிரே முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு, அதுதான் கேட். முன் சக்கரத்தை அதில் முட்டுக் கொடுத்து, இரண்டு காலையும் பெடலில் வைத்து, விழாமல் நிற்க வேண்டும். ஸ்பீக்கரில் ஒரு குரல் வரும், "ரைடர்ஸ் ரெடி. வாட்ச் த கேட்." தயாரா, கேட்டைப் பாருங்கள் என்று. அப்புறம் சின்ன இடைவெளி. பிறகு 'பிப் பிப் பிப்' என்று சத்தம், கேட் முன்பக்கமாகப் படுத்துவிடும். எல்லோரும் பாய வேண்டும். மேடு, வளைவு, மேடு, வளைவு. முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். யார் முதலில் பாய்கிறார்களோ அவர்கள்தான் முதல் வளைவில் முன்னால். முன்னால் போனவரைத் தாண்டுவது கஷ்டம். ஆகவே எல்லாமே அந்தச் சின்ன இடைவெளிதான்.

எங்களிடம் இருந்த கேட் பழைய ஹாஸ்டல் கதவு. கயிற்றை சார் பிடித்திருப்பார். குரலுக்கு அவர் போனில் ஒரு ரெக்கார்டிங். நெட்டிலிருந்து இறக்கியது. அதை அந்தோணியார் திருவிழா மைக் செட்டில் போடுவோம். ஒரு வாரம் கேட்டுவிட்டு சார் ஒன்றைக் கண்டுபிடித்தார். "வாட்ச் த கேட்" முடிந்ததும், மூச்சு விடாமல் 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்று சொன்னால், 'வாழ்க' வரும்போது சரியாக முதல் பிப் வருகிறது. ஒவ்வொரு தடவையும். பிசகே இல்லை.

"கண்ணை மூடிக்கோ" என்றார் சார். "கண்ணைத் தொறந்தா கவனம் செதறும். மாதாவை நெனை. வாழ்கன்னதும் கால் போகணும்."

நான் நான்கு வருஷம் அப்படித்தான் பழகினேன். தூக்கத்தில் எழுப்பி "வாட்ச் த கேட்" என்று சொன்னாலும் 'வாழ்க'வில் கால் உதைக்கும். என் தங்கை ஒருமுறை சொல்லிப் பார்த்து, ஒரு வாரம் விலா வலியோடு திரிந்தாள்.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், கேட்டைப் பார் என்றுதான் அர்த்தம். எனக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை அக்கா. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இங்கிலீஷில் நான்தான் ஃபர்ஸ்ட். ரெசிட்டேஷனில் கப் வாங்கியிருக்கிறேன். ஆனால் பூசையில் சாமியார் 'இதயங்களை மேலே எழுப்புங்கள்' என்பார். நாங்களும் எழுப்பியுள்ளோம் என்று பதில் சொல்லுவோம். யாராவது எதையாவது எழுப்புகிறார்களா? அந்த மாதிரிதான் இதுவும். சொல்ல வேண்டும், சொல்கிறார்கள்.

மாநிலப் போட்டியில் தங்கம். அங்கேயும் ரெக்கார்டிங் சார் போனில் இருந்ததுதான், வேறு யாரிடமும் இல்லை. தேசியப் போட்டிக்கு வடக்கே போனோம். அங்கே கேட் இருந்தது, குரல் கிடையாது. ஒருவர் விசில் ஊதுவதாக இருந்தது. சார் பெருந்தன்மையாகத் தன் போனைக் கொடுத்தார். அங்கேயும் தங்கம். மற்றப் பெண்கள் கோச்சுகளிடம் போய் அழுதார்கள், அந்தத் தமிழ்நாட்டுப் பெண்ணிடம் மட்டும் கேட் சொல்லிவிட்டுத் திறக்கிறது என்று. பொறாமை. நான் உழைத்தேன் அக்கா. ஒரு நாளைக்கு நூறு தடவை உழைத்தேன்.

பாப்பா, எக்காதே. ரயில் வந்தால் இங்கிருந்தே தெரியும்.

அப்புறம் தாய்லாந்து, ஆசியப் போட்டி. எனக்குப் பதினேழு வயது. சறுக்கே இரண்டு மாடி உயரம். அங்கே யாருடைய போனும் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர். அதே குரல், அதே வார்த்தை. எனக்கு நிம்மதியாக இருந்தது. கண்ணை மூடினேன். 'அருள் நிறைந்த' என்பதற்குள் பிப் வந்துவிட்டது. நான் 'மரியே வாழ்க' சொல்லி முடித்துப் பாய்ந்தபோது ஏழு பேரும் பாதிச் சறுக்கில் இருந்தார்கள். நாற்பத்து நான்கு விநாடியில் முடித்தேன். ஏழாவது. எட்டாவது வந்த பெண் நடுவில் விழுந்து எழுந்து வந்தவள்.

மெஷின் கோளாறு என்றார் சார். அடுத்த சுற்றில் சரியாகிவிடும் என்றார்.

அடுத்த சுற்றில் நான் 'வாழ்க' சொல்லிவிட்டேன். கால் போய்விட்டது. கேட் போகவில்லை. முன் சக்கரம் கேட்டின் மேல் ஏறி நின்றது, நானும் அதன் மேல் நின்றேன். என்ன இது என்று கண்ணைத் திறக்கிறேன், அப்போது பிப் வருகிறது. கேட் படுத்தது. சைக்கிள் ஒரு பக்கம் போனது, நான் இடது தோளில் சறுக்கிக்கொண்டு வந்தேன். மூன்று மீட்டர். காலர் எலும்பு இரண்டாக உடைந்தது. உள்ளே பிளேட் இருக்கிறது, மழைக்கு முந்தின நாள் தெரியும்.

ஆக, என் சர்வதேச வாழ்க்கை நாற்பத்து நான்கு விநாடியும் மூன்று மீட்டரும். விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

சார் சும்மா விடவில்லை. வெள்ளைத் தாளில் மனு எழுதினார், 'எங்கள் நாட்டில் எப்போதும் ஒரே இடைவெளி, இங்கே மாற்றி மாற்றி வைத்து எங்கள் வீராங்கனையை ஏமாற்றியிருக்கிறீர்கள்' என்று. நடுவராக இருந்த அம்மா தன்மையானவர். ஆஸ்பத்திரிக்கே வந்து விளக்கினார். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்களாம். ஒருமுறை சீக்கிரம், ஒருமுறை தாமதம். எப்போது வரும் என்று யாரும் முன்கூட்டி எண்ணக் கூடாதாம். நான் மயக்க மருந்தில் இருந்தேன். சார்தான் பேசினார்.

மயக்கம் தெளிந்ததும், "அப்புறம் எப்படித்தான் சார் தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டேன்.

"நானும் அதைத்தான் கேட்டேன்மா. அந்தம்மா கேட்டைப் பாருங்கங்குது. எல்லாம் பார்த்தாச்சு, கேட் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டேன்."

நீங்களே நியாயம் சொல்லுங்கள் அக்கா. நான்கு வருஷம் ஒருத்தி உழைக்கிறாள். எப்போது வரும் என்று சொல்லாமல் ஒன்றைத் திறந்தால் அது விளையாட்டா?

ஊரில் திறந்த ஜீப்பில் ஊர்வலம் விட்டார்கள். ஒரு கை கழுத்தில் கட்டிய தொட்டிலில், இன்னொரு கையால் கும்பிட்டேன். பெண் பார்க்க வந்தபோது மாமியார் கேட்டது ஒரே கேள்விதான், "தோள் தண்ணிக்குடம் தாங்குமா?" தாங்கும் என்றேன். இவள் அப்பா அந்த ஃப்ளெக்ஸில் என்னைப் பார்த்துத்தான் பெண் கேட்டாராம். கல்யாணத்துக்கு வைத்த ஃப்ளெக்ஸிலும் அதே போட்டோ, ஹெல்மெட்டோடு.

தோள் தாங்குகிறது. ஆனால் பாருங்கள், இடது கையால் எதையாவது தூக்கினால் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். இவள் பிறந்த அன்றைக்கு நர்ஸ் இவளைத் துணியில் சுற்றி என் இடது கையில் வைத்தார். டிக் என்றது. நர்ஸுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. இந்தப் பிள்ளைக்கு என்ன வரும், எப்போது வரும், எனக்கு ஒன்றுமே தெரியாது என்று அப்போது தோன்றியது. தெரியாது என்றால் ஒரு துளிகூடத் தெரியாது. அன்றிலிருந்துதான் திராட்சை, தாழ்ப்பாள் எல்லாம்.

போன மாதம் இவள் அப்பா பேர் கொடுத்துவிட்டு வந்து சொல்கிறார். எனக்குத் தெரியாமல். நான் சண்டை போடவில்லை. மூன்று நாள் உப்பில்லாமல் சமைத்தேன்.

"ரெனி, நீ விழுந்த, சரி. அவளும் விழணும்னு சட்டமா?" என்றார்.

"சட்டம் இல்லை. சட்டம் இருந்தா எப்ப விழுவான்னு தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

மறுநாளே அவர் கடைக்குப் பின்னால் பலகையில் ஒரு கேட் செய்தார். சாயங்காலம் இவளை நிறுத்தி, தானே "ரைடர்ஸ் ரெடி" சொல்லித் திறப்பார். நான் போய்ப் பார்க்க மாட்டேன். அடுப்படியில் இருந்து சத்தம் மட்டும் கேட்பேன். இருந்தாலும் என் பிள்ளையில்லையா, ஒரு நாள் கூப்பிட்டு அருள் நிறைந்த மரியேயைச் சொல்லிக்கொடுத்தேன். இங்கே ஊர்ப் போட்டிதானே, பழைய ரெக்கார்டிங்காகவே இருக்கலாம் பாருங்கள்.

இதோ, வந்துவிட்டது. காதைப் பொத்திக்கொள், பாப்பா.

மதுரைப் பக்கம் போகிற வண்டி இது. போனதும் கேட் திறந்துவிடும். எல்லாரும் வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிறார்கள் பாருங்கள். நம் டிரைவரும். நான் இந்தக் கேட்டைக் கணக்கு வைத்திருக்கிறேன் அக்கா. கடைசிப் பெட்டி போனதிலிருந்து இருபது எண்ணினால் கட்டை மேலே ஏறும். பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

இருபத்தைந்து.

என்ன பாப்பா? "இல்லம்மா, இன்னொண்ணு வருது"வா? உனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள்?

"அந்தத் தாத்தா கொடியை இன்னும் சுருட்டலை பாரு" என்கிறாள் அக்கா. எந்தத் தாத்தா? ஓ, கேட்கீப்பர். ஆமாம், பச்சைக் கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். மூன்று வருஷமாக இந்த வழியில் போகிறேன். இப்படி ஒருவர் நிற்பதே எனக்குத் தெரியாது. எல்லோரும் எஞ்சினை அணைக்கிறார்கள். அந்த பைக்கில் இருந்தவர் கட்டைக்கு அடியில் குனியப் பார்த்தார், திரும்பிவிட்டார். இதோ, எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறதே.

பாப்பா, இங்கே என்னைப் பார். சாயங்காலம் அப்பா கேட்டைத் திறக்கும்போது நீ என்ன செய்வாய்? அம்மா சொல்லிக்கொடுத்த செபம் சொல்வாய் இல்லையா?

கேட்டீர்களா அக்கா? "அதை மொதல்லயே சொல்லி முடிச்சிடுவேம்மா. அப்புறம் பாப்பேன்" என்கிறாள்.

எதைப் பார்ப்பாய்?

"கேட்டைத்தான்."

கண்ணை மூட மாட்டாயா?

"மூடினா எப்படிம்மா தெரியும்?"

கொஞ்சம் இருங்கள் அக்கா. தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

மணி என்ன ஆகிறது? பத்து ஐந்தா? இந்தப் பஸ் இன்னும் ஐந்து ஊரில் நிற்கும். பத்தரைக்குப் போகாது. நான்தான் பார்த்துப் பார்த்து ஏறினேனே, எப்படிப் போகும். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ நிற்கிறது, தெரிகிறதா? மஞ்சள். அதில் போனால் கால் மணி நேரம். மேடு பள்ளம் இருக்கும், குழந்தை குலுங்கும். இருக்கட்டும்.

பாப்பா, தலையைக் காட்டு. இங்கேயே போட்டுவிட்டால் அங்கே போய்த் தேட வேண்டியதில்லை. வாரை அம்மா மாட்டுகிறேன். இறுக்குகிறதா? இறுக்கத்தான் வேண்டும். இந்த விரல் நுழையக் கூடாது.

கண்டக்டர் சிரிக்கிறார் பாருங்கள். "ஏம்மா, எங்க டிரைவர் மேல அவ்வளவு நம்பிக்கையா? பஸ்ஸுக்கே ஹெல்மெட்டா?" அண்ணே, நாங்கள் இங்கேயே இறங்கிக்கொள்கிறோம். டிக்கெட் கொடைரோட்டுக்குத்தான். தெரியும் அண்ணே. மிச்சத்துக்கு நீங்கள் எங்களை நினைத்துக்கொண்டு போங்கள்.

அந்த வண்டி போய்விட்டது. தாத்தா என்ன செய்கிறார் பாப்பா? கொடியைச் சுருட்டிவிட்டாரா? கக்கத்தில் வைத்துவிட்டாரா? நீ பார்த்துச் சொல். அவர் சக்கரத்தைச் சுற்றப் போனதும் இறங்கலாம். கையை விடாதே. அந்தக் கை இல்லை, இந்தக் கை. இது டிக் என்றாலும் பரவாயில்லை.

அருள் நிறைந்த.

"அம்மா, கண்ணைத் தொற. ஏறுது."

திறந்துதான் இருக்கிறது, பாப்பா. கொஞ்சம் வழி விடுங்கள் அக்கா.